பைக் ரேஸ் படம் எடுக்க செகண்ட் ஹேண்ட் கேமரா: விழுப்புரம், திண்டிவனத்தில் வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

"ப்ரோ, ஒரே ஆள் யூஸ் பண்ணது. கல்யாணத்துக்கு மட்டும்தான் எடுத்தேன். ஒரு ஸ்க்ராட்ச் கூட இல்ல."

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பழைய கேமரா தேடி அலைந்தவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடமாகவே இருக்கும். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால், ரேஸ் படம் எடுக்க கேமரா தேடும் ஒருவருக்கு இதில் பயனுள்ள தகவல் ஒன்றுகூட இல்லை. ஒரு கல்யாணத்துக்கு 2,000 கிளிக் என்று வைத்துக்கொண்டால்கூட, ஆண்டுக்கு 40 கல்யாணம் எடுப்பவரின் கேமரா 80,000 கிளிக் ஓடியிருக்கும். "கல்யாணத்துக்கு மட்டும்தான்" என்பதன் அர்த்தம் அதுதான்.

முதல் வேலையில் சேர்ந்து, மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, 30,000 அல்லது 40,000 ரூபாயில் ஒரு பழைய கேமரா பாடி வாங்குகிறீர்கள் என்றால், அதில் தப்பு நடந்தால் திருப்பிக் கொடுக்க ஷோரூம் கிடையாது, வாரன்டி கிடையாது. அதனால் பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு அரை மணி நேரம் கணக்குப் போடலாம். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

நமக்குப் பக்கத்தில் ரேஸ் எங்கே நடக்குது?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது. இந்தக் கிளப் ஒரு காலத்தில் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்தியது. நிரந்தரமான ஒரு டிராக் வேண்டும் என்று 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கியதுதான் இது. முழு டிராக்கின் நீளம் 3.717 கி.மீ. தேசிய அளவிலான பைக், கார் ரேஸ்கள் இங்கே நடக்கின்றன.

விழுப்புரம், திண்டிவனம்காரர்களுக்கு இதுதான் பக்கத்து டிராக். ஜிஎஸ்டி சாலையில் சிங்கப்பெருமாள்கோவில் வரை போய், ஒரகடம் வழியாகத் திரும்பினால் திண்டிவனத்திலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். இதைவிட்டால் கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே. அது 2003-ல் திறக்கப்பட்டது.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ தெரு சர்க்யூட்டில் இரவு ரேஸ் நடந்தது நினைவிருக்கும். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. அந்த இரண்டு நாட்களில் போனை ஜூம் செய்து எடுத்து, மங்கலான கோடுகள் மட்டுமே கிடைத்து, "ஒரு நல்ல கேமரா வாங்கணும்" என்று முடிவு செய்தவர்கள் நிறையப் பேர்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

மணிக்கு 180 கி.மீ வேகத்தில் போகும் பைக், ஒரு விநாடியில் 50 மீட்டர் நகரும். உங்களிடம் இருப்பது கேனான் 1500டி போன்ற தொடக்கநிலை கேமரா என்றால், அது விநாடிக்கு 3 ஃபிரேம் எடுக்கும். அதாவது, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் பைக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். ஒரு படத்தில் இடதுபக்கம், அடுத்த படத்தில் ஆளையே காணோம். விநாடிக்கு 10 ஃபிரேம் எடுக்கும் கேமராவில் இந்த இடைவெளி 5 மீட்டர்.

"அப்போ 10 ஃபிரேம் கேமராதான் வாங்கணும்" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அதே பைக் இறுக்கமான வளைவுக்குள் வரும்போது பிரேக் பிடித்து மணிக்கு 72 கி.மீ-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது விநாடிக்கு 20 மீட்டர்தான். 3 ஃபிரேம் கேமராவிலேயே இடைவெளி 7 மீட்டருக்குள் வந்துவிடுகிறது.

நேர்ச்சாலையில் 10 ஃபிரேம் கேமரா கொடுக்கும் வசதிக்குக் கிட்டத்தட்ட சமமான ஒன்றை, நிற்கும் இடத்தை மாற்றினாலே பெறலாம். செலவு பூஜ்யம். பைக் நன்றாகச் சாய்வதும், ரைடரின் முழங்கால் டிராக்கைத் தொடுவதும் வளைவில்தான். நல்ல ரேஸ் படங்களில் பெரும்பாலானவை அங்கே எடுக்கப்படுவதும் அதனால்தான்.

அப்போ பாடி மாத்தவே வேண்டாமா?

மாத்தலாம். ஆனால் உங்கள் கேமராதான் தடை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். கடைசியாக எடுத்த 100 ரேஸ் படங்களை எடுத்துக்கொண்டு, கெட்டுப்போன படங்களை நான்கு குவியலாகப் பிரியுங்கள்.

ஒன்று: பைக் மட்டும் அல்ல, பின்னணியும் சேர்ந்து மங்கலாக இருக்கிறது. இது கை ஆட்டம் அல்லது பேனிங் பழக்கக் குறைவு. புது பாடி இதைச் சரிசெய்யாது.

இரண்டு: பைக் படத்தில் மிகச் சின்னதாக இருக்கிறது. இது லென்ஸ் பிரச்னை. பாடிக்கு வைத்திருக்கும் பணத்தை லென்ஸில் போடுங்கள்.

மூன்று: பைக் மங்கல். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் டயர் அடுக்கோ விளம்பரப் பலகையோ ஷார்ப்பாக இருக்கிறது. ஃபோகஸ் பின்தொடரவில்லை. ஆட்டோஃபோகஸ் தொடர் முறையில் (கேனானில் ஏஐ சர்வோ, நிக்கானில் ஏஎஃப்-சி) வைத்துத்தான் எடுத்தீர்களா என்று பாருங்கள். அப்படி வைத்தும் இதே கதி என்றால், குற்றவாளி பாடிதான்.

நான்கு: சரியான நொடியில் கேமரா எடுக்கவே இல்லை. ஐந்தாறு படத்துக்குப் பிறகு நின்று, "பிஸி" என்று காட்டுகிறது. இதுவும் பாடிதான்.

மூன்றாவது, நான்காவது குவியல்கள் பெரிதாக இருந்தால் மட்டும் மேலே படியுங்கள். முதல் இரண்டும்தான் பெரிது என்றால், உங்கள் 40,000 ரூபாய் இப்போதே மிச்சம்.

பாடியில் எதைப் பார்க்கணும்?

மெகாபிக்சலை மறந்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமுக்கும், செய்தித்தாளுக்கும், ஒரு ஏ3 பிரின்ட்டுக்கும் 18 முதல் 24 மெகாபிக்சல் தாராளம். பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, ஆட்டோஃபோகஸ். வண்டி நம்மை நோக்கி வரும்போது, ஷட்டர் திறக்கும் நொடியில் அது எங்கே இருக்கும் என்று கேமரா முன்கூட்டியே கணித்து லென்ஸை நகர்த்த வேண்டும். கேனான் 1500டி-யில் ஃபோகஸ் புள்ளிகள் 9. அதில் நடுப்புள்ளி மட்டும்தான் கிராஸ் டைப், அதாவது படுக்கைக் கோடு, நெட்டுக் கோடு இரண்டையும் பிடிக்கும் வகை. கேனான் 7டி மார்க் 2-ல் 65 புள்ளிகள், அத்தனையும் கிராஸ் டைப். நிக்கான் டி500-ல் 153 புள்ளிகள், அதில் 99 கிராஸ் டைப். வித்தியாசம் புரிகிறதா?

இரண்டாவது, பஃபர். எடுத்த படங்களை கார்டில் எழுதுவதற்கு முன் கேமரா தற்காலிகமாக வைத்திருக்கும் இடம். விநாடிக்கு 10 ஃபிரேம் இருந்தும் பஃபர் சின்னதாக இருந்தால் இரண்டு விநாடியில் கதை முடிந்துவிடும். நிறுவனக் கணக்குப்படி 7டி மார்க் 2 தொடர்ச்சியாக 31 ரா படங்கள் எடுக்கும். டி500 வேகமான கார்டுடன் 200 வரை போகும். ரா தேவையில்லை, ஜேபெக் போதும் என்றால் பெரும்பாலான கேமராக்களில் இந்த எண்ணிக்கை கூடும்.

மூன்றாவது, விநாடிக்கு எத்தனை ஃபிரேம். 7-லிருந்து 10 வரை இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் படம் கூடும். ராத்திரி உட்கார்ந்து 3,000 படத்தில் 10 படம் பொறுக்கும் வேலையும் கூடும்.

பிராண்டை முடிவு பண்றது நீங்க இல்ல, உங்க லென்ஸ்

பாடி தேடுவதற்கு முன் உங்கள் பையைத் திறந்து பாருங்கள். கேனான் 55-250 மி.மீ லென்ஸ் இருக்கிறதா? கேனானிலேயே இருங்கள். நிக்கான் 70-300 இருக்கிறதா? நிக்கானிலேயே இருங்கள். நண்பன் சொன்னான் என்று பிராண்ட் மாறினால், பாடி விலையோடு லென்ஸ் விலையும் சேர்ந்துவிடும்.

சென்சார் அளவும் இங்கே முக்கியம். ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் கேமராக்களில் லென்ஸின் எட்டு கூடுதலாகத் தெரியும். கேனானில் 1.6 மடங்கு, நிக்கானில் 1.5 மடங்கு. 250 மி.மீ லென்ஸ் கேனானில் 400 மி.மீ போலவும், 300 மி.மீ லென்ஸ் நிக்கானில் 450 மி.மீ போலவும் வேலை செய்யும். ரசிகர்கள் பகுதியிலிருந்து, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எடுப்பவருக்கு இது பெரிய வரம்.

நிக்கான்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் அவற்றில் தானாக ஃபோகஸ் ஆகாது. டி7000 வரிசையிலும் டி500-லும் மோட்டார் உண்டு. பழைய லென்ஸ் ஒன்றை மலிவாக வாங்கும் எண்ணம் இருந்தால் இதை மறக்க வேண்டாம்.

எந்த மாடல்?

விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் இங்கே விலை எழுதவில்லை. வரிசை மட்டும் சொல்கிறோம்.

கேனான் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: 2014-ல் வந்த 7டி மார்க் 2 இன்றைக்கும் ரேஸுக்கான நேரடியான பதில். விநாடிக்கு 10 ஃபிரேம், உறுதியான உடம்பு. குறை என்னவென்றால், இருட்டில் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டு கார்டு இடங்களில் ஒன்று பழைய சிஎஃப் கார்டுக்கானது. அது கிடைக்கவில்லை என்றால் 2016-ல் வந்த 80டி. விநாடிக்கு 7 ஃபிரேம், 45 கிராஸ் டைப் புள்ளிகள். பட்ஜெட் கொஞ்சம் தாங்கும் என்றால் 2019-ல் வந்த 90டி. விநாடிக்கு 10 ஃபிரேம், 32.5 மெகாபிக்சல்.

நிக்கான் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: 2016-ல் வந்த டி500 முதல் தேர்வு. உற்பத்தி நின்றுவிட்டது, ஆனாலும் இந்த வகை டிஎஸ்எல்ஆரில் அதை மிஞ்ச நிக்கானிலேயே வேறு வரவில்லை. எக்ஸ்க்யூடி கார்டு விலை அதிகம் என்பதைக் கணக்கில் சேருங்கள். எஸ்டி கார்டு மட்டும் போட்டும் ஓட்டலாம். அடுத்தது டி7500: விநாடிக்கு 8 ஃபிரேம், 51 புள்ளிகள், ஒரே ஒரு கார்டு இடம். அதற்கும் கீழே டி7200: விநாடிக்கு 6 ஃபிரேம், அதே 51 புள்ளிகள். பயிற்சிக்கு அது மோசமில்லை.

"1டி எக்ஸ் மலிவா கிடைக்குது, எடுக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2012-ல் வந்த அந்தக் கேமரா விநாடிக்கு 12 ஃபிரேம் எடுக்கும், ஷட்டரின் மதிப்பிடப்பட்ட ஆயுளே 4 லட்சம் கிளிக். ஆனால் பேட்டரியோடு ஒன்றரை கிலோ எடை. ஃபுல் ஃபிரேம் என்பதால் 300 மி.மீ லென்ஸ் 300 ஆகத்தான் இருக்கும். உங்கள் 55-250 அதில் பொருந்தவே பொருந்தாது. பெரிய லென்ஸ் வாங்கும் திட்டம் இல்லாதவருக்கு இது யானை வாங்கி அங்குசத்துக்குக் கடன் வாங்கும் கதை.

மலிவான ஃபுல் ஃபிரேம்: ஜாக்கிரதை

நம் பக்கம் பழைய கேமரா சந்தையின் முக்கிய வரத்து, கல்யாண ஸ்டூடியோக்கள். அவர்கள் மிரர்லெஸுக்கு மாறும்போது பழைய டிஎஸ்எல்ஆர்களை விற்கிறார்கள். அதில் அடிக்கடி கண்ணில் படும் பெயர் கேனான் 6டி. "ஃபுல் ஃபிரேம் தம்பி, இந்த விலைக்கு எங்க கிடைக்கும்?" என்பார் ஸ்டூடியோ அண்ணன். மண்டபத்துக்குள் எடுக்க அது நல்ல கேமரா, சந்தேகமில்லை. ஆனால் விநாடிக்கு 4.5 ஃபிரேம், 11 ஃபோகஸ் புள்ளிகள், அதில் நடுவில் இருக்கும் ஒன்று மட்டும்தான் கிராஸ் டைப். ரேஸ் டிராக்கில் உங்கள் 1500டி-யைவிடப் பெரிதாக எதுவும் மாறாது.

ஃபுல் ஃபிரேம்தான் வேண்டும் என்றால் 61 புள்ளிகள் கொண்ட 5டி மார்க் 3, 51 புள்ளிகள் கொண்ட நிக்கான் டி750 ஆகியவற்றைப் பார்க்கலாம். இரண்டுமே விநாடிக்கு 6, 6.5 ஃபிரேம்தான். வெளிச்சம் குறைந்த இரவு ரேஸுக்கு இவை உதவும். ஒரே லென்ஸ் வெளிச்சத்தில் ஏபிஎஸ்-சியைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் சுத்தமான படம் கிடைக்கும். ஆனால் இருங்காட்டுக்கோட்டை வெயிலில் பகலில் எடுப்பவருக்கு அந்த லாபம் தேவைப்படாது.

இன்னொரு யோசனை. ஆடி மாதம் கல்யாணம் இல்லை, மார்கழியிலும் இல்லை. ஸ்டூடியோக்காரர்கள் கையில் நேரம் இருக்கும், கேமராவை நிதானமாகச் சோதிக்க விடுவார்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி போய் நின்றால் வேலை ஆகாது.

மிரர்லெஸ் வாங்கலாமா?

லென்ஸ் எதுவுமே இல்லாமல் புதிதாகத் தொடங்குபவர் என்றால், பழைய மிரர்லெஸையும் பட்டியலில் சேர்க்கலாம். 2019-ல் வந்த சோனி ஏ6400 விநாடிக்கு 11 ஃபிரேம், 425 ஃபோகஸ் புள்ளிகள். 2022-ல் வந்த கேனான் ஆர்10, ஆர்7 இரண்டும் மெக்கானிக்கல் ஷட்டரில் விநாடிக்கு 15 ஃபிரேம். கேனானின் பழைய இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்களை அடாப்டர் போட்டு ஆர் வரிசையில் நன்றாகவே பயன்படுத்தலாம்.

விளம்பரத்தில் "விநாடிக்கு 30 ஃபிரேம்" என்று பார்த்து மயங்க வேண்டாம். அது எலக்ட்ரானிக் ஷட்டர் கணக்கு. அதில் சென்சார் படத்தை ஒரே நொடியில் எடுக்காமல், மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. சில மாடல்களில் இதற்கு 1/30 விநாடி ஆகும். அந்த நேரத்தில் 180 கி.மீ வேக பைக் ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். விளைவு: வட்டமான சக்கரம் முட்டை வடிவில் சாயும்.

இது புதுப் பிரச்னையும் இல்லை. 1910-களில் பிரான்ஸில் ஒரு கிராண்ட் பிரீ ரேஸில் ஜாக் ஆன்ரி லார்டிக் எடுத்த படத்தில் காரின் சக்கரம் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், பார்வையாளர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். அவரது கேமராவின் ஷட்டர் இடுக்கு மெதுவாக நகர்ந்ததும், அதே நேரத்தில் அவர் கேமராவைத் திருப்பியதும்தான் காரணம். அது புகழ்பெற்ற படமாகிவிட்டது. நமக்கு அந்த அதிர்ஷ்டம் அமையுமா தெரியாது. ரேஸ் எடுக்கும்போது மெக்கானிக்கல் ஷட்டரிலேயே வையுங்கள்.

ஷட்டர் கவுன்ட்: கேமராவின் ஓடோமீட்டர்

பைக் வாங்கும்போது எத்தனை கி.மீ ஓடியிருக்கிறது என்று கேட்பது போல, கேமராவில் கேட்க வேண்டியது ஷட்டர் கவுன்ட். 7டி மார்க் 2, டி500 ஆகியவற்றின் மதிப்பீடு 2 லட்சம் கிளிக். டி7200, டி7500, டி750, 5டி மார்க் 3 ஆகியவற்றுக்கு 1.5 லட்சம். 80டி, 6டி-க்கு 1 லட்சம். இது உத்தரவாதம் அல்ல, சோதனையில் எதிர்பார்க்கப்படும் அளவு. அதைத் தாண்டியும் ஓடும், அதற்கு முன்பே நிற்கவும் செய்யும்.

நிக்கானில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். அங்கேயே ஒரு ஜேபெக் படம் எடுத்து, எடிட் செய்யாமல், வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், அப்படியே கார்டிலிருந்து எடுத்து எக்ஸிஃப் தகவலில் பார்க்கலாம். கேனானில் பெரும்பாலான மாடல்கள் இதைப் படத்தில் எழுதுவதில்லை. லேப்டாப்பில் கேபிள் மூலம் இணைத்து, அதற்கான மென்பொருளில் பார்க்க வேண்டும். லேப்டாப்பைக் கையோடு கொண்டு போங்கள்.

வீடியோவுக்கு அதிகம் ஓடிய கேமராவில் ஷட்டர் கவுன்ட் குறைவாகத்தான் காட்டும். சென்சார் மணிக்கணக்கில் சூடானது அதில் வராது. அதனால் "இதுல வீடியோ எடுத்தீங்களா?" என்று தனியாகக் கேளுங்கள்.

கவுன்ட் அதிகமான கேமராவை ஒதுக்க வேண்டும் என்பதில்லை. ஷட்டர் மாற்ற எவ்வளவு ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் முதலில் போனில் விசாரியுங்கள். விலை குறைப்பு அந்தத் தொகையைவிட அதிகம் என்றால் வாங்கலாம். குறைவு என்றால், கவுன்ட் குறைவான கேமராதான் லாபம். மற்றபடி நீங்களும் ஒரு ரேஸ் நாளில் 2,000 கிளிக் அடிக்கப் போகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். 25 நாள் போனால் 50,000.

வெள்ளமும் உப்புக்காற்றும்

இது நம்ம ஊருக்கே உரிய பாடம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ மழை கொட்டியது. வீடு, கடை, ஸ்டூடியோ என எங்கெங்கோ தண்ணீர் புகுந்தது. நனைந்து காய்ந்த ஒரு கேமரா, சில மாதம் நன்றாகவே வேலை செய்யும். பிறகு ஒருநாள் சர்க்யூட் போர்டில் துரு ஏறி நின்றுவிடும்.

பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் உலோகத் தகடுகளைப் போன் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி இருந்தால் வேண்டாம். அடிப்பக்க ஸ்க்ரூக்களில் துரு, கார்டு இடத்தில் மண், வியூஃபைண்டருக்குள் பனி படர்ந்தது போன்ற திட்டு ஆகியவையும் எச்சரிக்கைதான். மரக்காணம் உப்பளம் பக்கம், கடற்கரையோரம் இருந்த கேமரா என்றால் பூஞ்சையையும் பாருங்கள். லென்ஸ் வழியாக டார்ச் அடித்தால் சிலந்தி வலை போலத் தெரியும்.

டீக்கடையிலேயே செய்யக்கூடிய 20 நிமிட சோதனை

உங்கள் லென்ஸையும், உங்கள் கார்டையும் கொண்டுபோய் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. எஃப்/16 வைத்து, ஃபோகஸ் இல்லாமல் வானத்தை ஒரு படம். கறுப்புப் புள்ளி தெரிந்தால் பெரும்பாலும் தூசு, சுத்தம் செய்யலாம். கோடு தெரிந்தால் கீறலாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

2. வெள்ளைச் சுவரை வெயிலில் 1/1000, 1/4000, கேமராவில் இருந்தால் 1/8000 வேகத்தில் எடுங்கள். ஒரு ஓரம் மட்டும் கறுத்திருந்தால் ஷட்டர் திரை தளர்ந்திருக்கிறது.

3. லென்ஸை மூடி, ஐஎஸ்ஓ 3200-ல் சில விநாடி எக்ஸ்போஷர் ஒன்று. சிவப்பு, பச்சைப் புள்ளிகள் கூட்டமாக இருக்கக் கூடாது.

4. பஃபர் நிறையும்வரை ஷட்டரை அழுத்திப் பிடியுங்கள். சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் திணறினாலோ, எர்ரர் காட்டினாலோ நன்றி சொல்லி எழுந்துவிடலாம். இரண்டு கார்டு இடம் இருந்தால் இரண்டிலும் செய்யுங்கள்.

5. சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி நின்று, எதிரே வரும் பைக்குகளைத் தொடர் ஃபோகஸில் 20 படம். பெரிதாக்கிப் பாருங்கள். ரேஸுக்கு வாங்குபவருக்கு இருக்கும் ஒரே முக்கியமான சோதனை இதுதான். பெரும்பாலானோர் செய்யாமல் விடுவதும் இதைத்தான்.

6. எல்லாப் பொத்தான், டயல், ஜாய்ஸ்டிக் ஆகியவற்றை அழுத்திப் பாருங்கள். லென்ஸ் மாட்டும் வளையம் ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

பில் எங்கே?

அடிப்பக்கம் இருக்கும் சீரியல் எண்ணை பில்லிலும் பெட்டியிலும் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பில் இல்லை என்றால், விற்பவரின் அடையாள அட்டை நகலுடன், சீரியல் எண் குறிப்பிட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்குவதோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்கீழ் குற்றம். "சந்தேகம் வந்தது, ஆனா விலை கம்மியா இருந்துச்சு" என்ற பதில் ஸ்டேஷனில் எடுபடாது.

ஆன்லைன் விளம்பரத்தில் பார்த்து, நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். "ராணுவத்தில் இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, பார்சல்ல அனுப்பறேன்" என்ற கதை பழைய மோசடி. பணம் பெறுவதற்கு க்யூஆர் ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் போடவோ தேவையே இல்லை. யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

பணத்தை எப்படிப் பிரிக்கலாம்?

உதாரணத்துக்குக் கையில் 40,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் பாடியில் போடாதீர்கள். பத்தில் ஒரு பங்கை வேகமான கார்டு, இன்னொரு பேட்டரிக்கு ஒதுக்குங்கள். இன்னொரு பங்கை சர்வீஸுக்கென்று தொடாமல் வையுங்கள். மீதம் 32,000. அதற்குள் எந்தப் பாடி கிடைக்கிறதோ அதுதான் உங்கள் பாடி. 40,000-க்கு டி500 வாங்கி, கார்டு வாங்கப் பணமில்லாமல் பழைய கார்டில் ஓட்டினால், 200 படப் பஃபரை வைத்து என்ன செய்வது?

வாங்கியாச்சு, அடுத்தது?

பயிற்சிக்கு இருங்காட்டுக்கோட்டைவரை போகத் தேவையில்லை. நம்ம ஊர் அரசுப் பேருந்துகள் போதும். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, நடைபாதையிலோ கடை வாசலிலோ நின்றுகொண்டு, 1/125 வேகத்தில் தொடங்கி, வண்டியோடு சேர்ந்து உடம்பைத் திருப்பிப் படம் எடுங்கள். பேருந்தின் பெயர்ப்பலகை படிக்கிற மாதிரி வந்தால் 1/60-க்கு இறங்குங்கள். சென்டர் மீடியனில் நிற்கவே வேண்டாம். 1/1000-ல் எடுத்தால் பைக் ஷார்ப்பாக இருக்கும், ஆனால் பார்க்கிங்கில் நிறுத்திய வண்டி போலத் தெரியும். வேகத்தைப் படத்தில் காட்டுவது இந்த மெதுவான ஷட்டர்தான். அதற்குப் புதுப் பாடி தேவையே இல்லை.

ஒன்று மட்டும் வேண்டாம். ஜிஎஸ்டி சாலையிலோ ஈசிஆரிலோ நண்பர்கள் போடும் ரேஸைப் படம் எடுக்கப் போகாதீர்கள். அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொதுச்சாலையில் ரேஸ் நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவில் சிறைத்தண்டனைவரை போகக்கூடிய குற்றம். கேமராவோடு ஒருவர் ஓரமாக நிற்கிறார் என்றாலே, ஆக்ஸிலேட்டரில் இருப்பவனின் கை இன்னும் கொஞ்சம் முறுக்கும். அந்தப் படத்துக்கு யாராவது கொடுக்க நேரும் விலை, எந்த கேமராவின் விலையையும்விட அதிகம்.

அடுத்த ரேஸ் தேதி வரும்போது, பழைய கேமராவோடே ஒருமுறை டிராக்குக்குப் போய், மெதுவான வளைவில் நின்று 100 படம் எடுங்கள். வீட்டுக்கு வந்து மேலே சொன்ன நான்கு குவியலாகப் பிரியுங்கள். மூன்றாவது, நான்காவது குவியல்தான் பெரிது என்றால், ஸ்டூடியோ அண்ணனுக்குப் போன் போடலாம். இந்த முறை நீங்கள் முதலில் கேட்கப்போவது, "ஷட்டர் கவுன்ட் எவ்வளவுண்ணா?"